பதினாலாவது கல்

12.4.1993, திங்கள்

கிணற்றில் பதினோரு சிமென்ட் உறை தண்ணீருக்கு மேலே தெரிகிறது. மொத்தமே பன்னிரண்டு. வாளியை விட்டால் பாதி சேறு. அது தெளிகிற வரைக்கும் காத்திருந்து, மேலாக மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஸ்கூல் ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தேகால். ஹெட்கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திருப்பிக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு செல்லம்மாவும் எங்கள் கிணற்றில்தான் மொள்கிறாள். அவளுக்குக் கிணறு கிடையாது. புருஷன் போனபிறகு ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துக் காலம் தள்ளுகிறாள். குடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது தண்ணியா, டீயா? சக்கரை போட்டுக் குடிச்சிரலாமா?” என்றாள். சிரிக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

மத்தியானம் குழுவுக்காக ஏழாவது மனுவை அடித்தேன். நொச்சியேரி காப்புக் குழு, செயலாளர் து. கனகவல்லி. குழுவில் ஏழு பேர். டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் செயலாளர். வேறு தகுதி எதுவும் இல்லை. தலைவர் ஏசுபாதம், இந்தப் பகுதியின் தபால்காரர். மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று கண்டுபிடிக்க அவரைவிட்டால் ஆள் இல்லை.

18.4.1993, ஞாயிறு

இன்று குழு கலங்கலில் கூடியது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு அது. இரும்புலியூரிலிருந்து இங்கே குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஏரிக்காக மனு மேல் மனு அடித்தவள், கலங்கல் மேல் இன்றுதான் முதல் தடவை ஏறி நின்றேன். வெட்கமாக இருந்தது.

அழைத்துப்போனது அஞ்சம்மாள். இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் பெருக்குகிறாள். ஒரு காலத்தில் இந்த ஏரிப் பாசனத்தில் நடவு நட்டவள். காலால் குப்பையை ஒதுக்கி ஒரு குழியைக் காட்டினாள்.

“இங்க வரிசையா கல்லு நட்டுகினு இருந்துச்சும்மா. இருபத்தியோரு கல்லு. கார்த்திகை மழை ஓஞ்சதும் நாங்க பொம்பளைங்கதான் வருவோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல தழையும் மண்ணும் போட்டு மிதிச்சி அடைப்போம். கலங்கலுக்கு மேல முழங்கா ஒசரம் தண்ணி கூட நிக்கும். அதான் ஆடி வரைக்கும் கெணறு வத்தாது.”

“அடைச்சப்புறம் பெரிய மழை வந்தா?” என்று கேட்டேன்.

“ஓடியாந்து புடுங்கி வுட்ருவோம். இன்னா பெரிய வித்தை!”

இப்போது நிற்பது ஏழு கல். பதினாலு காணோம். 85-இல் குப்புராஜ் தன் நிலத்தை மனை போட்டு விற்றபோது ஒவ்வொன்றாகப் போயிற்று என்கிறாள். குப்புராஜ் குடும்பத்துப் பட்டா நிலம்தான். ஏரி நிரம்பும் வருஷத்தில் இரண்டு மாதம் தண்ணீர் நிற்கும், வடிந்ததும் கம்பு விதைப்பார்களாம். அந்த நிலம்தான் எங்கள் நொச்சி நகர்.

3.5.1993, திங்கள்

லீவு போட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்கிற சர்க்கார் என்ஜினீயரைப் பார்த்தோம். சின்ன வயசு. நாற்காலி போடச் சொன்னதே ஆச்சரியம். “புதுக் கல்லுக்கு எஸ்டிமேட் போட்டா மூணு வருஷம் இழுக்கும்மா. பழைய கல்லைக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்துடுங்க, என் மேஸ்திரியை விட்டு நட்டுத் தரேன்” என்றார்.

எட்டு வருஷமாகக் காணாமல் போன கல்லை எங்கே போய்த் தேடுவது? ஏசுபாதம் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார்.

9.5.1993, ஞாயிறு

அடையாளம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் உச்சியிலிருந்து நாலு விரல் கீழே, சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். தழைக்கட்டு நழுவாமல் கயிறு கட்ட. அஞ்சம்மாள் நிற்கிற கல் ஒன்றில் கையை வைத்துக் காட்டினாள்.

“நான் பார்த்துக்கறேன்மா. இந்த நகர்ல நான் ஏறாத படி இல்ல, தண்ணி வாங்கிக் குடிக்காத வீடு இல்ல” என்றார் ஏசுபாதம். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். தபால்காரரைத் தலைவராகப் போட்டது எவ்வளவு நல்லதாயிற்று!

10.5.1993

துணி துவைக்கப் போனேன். துவைக்கிற கல்லில் சோப்பு நுரை வழிகிற இடத்தில் விரல் தட்டியது. ஆறு வருஷமாகத் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். சுற்றிலும் ஒரு பள்ளம். நாலு விரல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

துணியை ஊறவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

11.5.1993

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். (குரோம்பேட்டையில் ஃபிட்டர். வீட்டைச் செங்கல் செங்கலாக நின்று கட்டியவர்.)

“குப்புராஜ் ஆளுங்க வண்டியில கொண்டாந்து போட்டாங்க. மனை வாங்கினவங்களுக்கெல்லாம் துவைக்கிற கல்லு ஃப்ரீன்னாங்க. எந்த ஊர்க் கல்லுன்னா கேப்பாங்க?”

“இது கலங்கல் கல்லு.”

சாப்பிடுகிற கை நின்றது. பிறகு சொன்னார்: “யாருக்குத் தெரியும்? பேசாம இரு. அந்தக் கல்லு அங்க நின்னிருந்தா இந்த வீடு இங்க நின்னிருக்காது. யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். உண்மைதான். தண்ணீரைக் கீழே இறக்கித்தான் எங்களுக்கு மனை விற்றிருக்கிறார்கள். எங்கள் தெரு கடைசித் தெரு. அதற்கப்புறம் ஏரிதான். மழைக்காலத்தில் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் எவ்வளவு கிட்டே தெரிகிறது பார் என்று அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. நானும்தான் ரசித்தேன்.

16.5.1993, ஞாயிறு

ஒன்பது கல் கிடைத்துவிட்டது. டீக்கடையில் ஆட்கள் உட்காருகிற கல் இரண்டு. குழுவில் இருக்கிற அரிகிருஷ்ணன் வீட்டில் மாடு கட்டுகிற கல் ஒன்று. தெருமுனைப் பிள்ளையாருக்குப் பீடம் ஒன்று. அதை எடுக்க நாள் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று எங்கள் மாதிரி துவைக்கிற கல். பாக்கி இரண்டு குப்புராஜ் வீட்டு கேட்டின் இரண்டு பக்கமும், பச்சை பெயின்ட்டில்.

குப்புராஜ் தகராறு செய்வார் என்று நினைத்தோம். வெளியே வந்து நின்று, “எடுத்துகினு போங்கம்மா. எனக்கு இன்னா? அப்பால தண்ணி வந்துச்சுன்னு என் வாசல்ல வந்து நிக்காதீங்க, அவ்ளோதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கல்லை எண்ணுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுக் கல்லைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம்.

27.6.1993, ஞாயிறு

பதின்மூன்று ஆயிற்று. பதினாலாவது எங்கே என்று கூட்டத்தில் ஒரே பேச்சு. உடைத்து ஜல்லி போட்டிருப்பார்கள் என்று ஒருவர். திருநீர்மலைப் பக்கம் போயிருக்கும் என்று ஒருவர். நான் குனிந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். “ஒரு கல் கிடைக்கவில்லை” என்று என் கையாலேயே எழுதினேன்.

நான் திருடவில்லை. யாரோ கொடுத்தது. ஆனால் இன்று எழுதினேனே, அது பொய். அது மட்டும் சுத்தமாக என்னுடையது.

8.8.1993, ஞாயிறு

மேஸ்திரி வந்து நட்டுவிட்டார். இருபது கல் வரிசையாக நிற்பது பார்க்க அழகாக இருந்தது. தென்கோடியிலிருந்து மூன்றாவது குழி மட்டும் காலி. அதில் மணல் மூட்டை அடுக்குவது என்று முடிவு. அஞ்சம்மாளுக்குத் திருப்தி இல்லை. “மூட்ட நிக்காதும்மா. கல்லு கல்லுதான்.”

14.11.1993, ஞாயிறு

ஏரி நிரம்பிவிட்டது! மண் அடைத்தோம். ஊரே கலங்கலில்தான்.

18.11.1993

மூட்டை சரிந்துவிட்டது. மூன்றாவது குழி வழியாகத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகிறது. பக்கத்து அடைப்பையும் கரைத்துவிட்டது.

21.11.1993, ஞாயிறு

மூன்றே நாளில் அடைத்ததெல்லாம் போயிற்று. மழையும் விட்டுவிட்டது. மறுபடி சேறு மொள்ள வேண்டியதுதான்.

பொறுக்க முடியாமல் சாயங்காலம் ஏசுபாதம் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை. “அந்தக் கல்லு எங்க வீட்லதான் சார் இருக்கு” என்றேன்.

அவர் எழுந்துபோய் அந்த நோட்டைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைக் காட்டினார். மே ஒன்பது தேதி போட்டு, முதல் வரி: ‘கடைசித் தெரு 5. கனகவல்லி அம்மா. பின்பக்கம். துவைக்கிற கல்.’

“ரெஜிஸ்டர் தபால் கொடுக்க வந்தப்ப ஒருநாள் பின்னாடி நீங்க துவைச்சிட்டிருந்தீங்க, பார்த்திருக்கேன். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்மா. நான் கேட்டா நல்லா இருக்காதுன்னு...”

எனக்கு வந்ததே கோபம்! ஆறு மாசம்! கூட்டத்துக்குக் கூட்டம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு மழை மிஞ்சியிருக்குமே சார், என்று கத்தினேன். குற்றவாளி நான், கத்துவதும் நான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “ஆமாம்மா. தப்புதான். மரியாதை பார்த்துட்டேன்” என்றார்.

வரும்போது அழுதுகொண்டே வந்தேன்.

28.11.1993, ஞாயிறு

கல்லை எடுத்துப் போனார்கள். கூட்டத்தில் நானே சொன்னேன். அரிகிருஷ்ணன் மட்டும் தன் மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு, ஒரு வருஷத்துக்கு.

எங்கள் வீட்டுக்காரர் கைகொடுக்க வரவில்லை. உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல் இருந்த இடத்தில் மண் ஈரமாக, வெளுத்த புல்லோடு கிடக்கிறது. இனி குனிந்து தரையில்தான் துவைக்க வேண்டும். இடுப்பு என்ன சொல்லப் போகிறதோ.

5.5.1994

பன்னிரண்டு உறையும் தெரிகிறது.

9.10.1994, ஞாயிறு

காலையில் அவர் கம்பெனியிலிருந்து ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபைக் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் விட்டு, மட்டம் பார்த்துப் பார்த்து, கலங்கலில் ஆரம்பித்து எங்கள் தெரு வரைக்கும் முளை அடித்துக்கொண்டே வந்தார். நாள் பூராவும். சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. ஒரு முனையைப் பிடிக்க நான். கோபத்தில் செய்கிற வேலை என்றாலும் கோணல் இருக்காது அவரிடம்.

இருபத்தோரு கல்லும் நின்று, மண் அடைத்து, ஏரி முழுக்க நிரம்பினால் தண்ணீர் எங்கே நிற்கும்? எங்கள் வீட்டில் பின்வாசல் மூன்றாவது படி. பின்பக்க பாத்ரூம் தண்ணீருக்குள்ளே. செல்லம்மா வீடு பள்ளம். அங்கே அடுப்பு மேடைக்கு ஒரு சாண் கீழே. அவள் வீட்டுச் சுவரில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டார். அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா கோடு கிழிக்கிறே? என் வூட்ட அளந்து விக்கப் போறியா?” என்றாள்.

“சும்மாம்மா” என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும், “நீ சொல்லு. உன் குழு, உன் கல்லு. நான் ஏன் சொல்லணும்?” என்றார்.

அவள் வீடு சுட்ட செங்கல்தான். ஆனால் மண் சாந்து வைத்துக் கட்டியது. பூச்சும் இல்லை.

10.10.1994

செல்லம்மாவிடம் சொல்ல வேண்டும்.

16.10.1994

இன்று சொல்லப் போனேன். மெஷினைச் சுற்றித் துணி மலைபோலக் கிடக்கிறது. தீபாவளி ஜாக்கெட்டுகள். “அக்கா, ஒக்காரு, பட்டன் தெச்சிக் குடு” என்றாள். பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளி முடியட்டும்.

6.11.1994, ஞாயிறு

தீபாவளி முடிந்தது. மழை ஆரம்பம். தண்ணீர் ஒழுங்காகக் கலங்கலில் வழிந்து போகிறது, முற்றத்துக்குக்கூட வரவில்லை. வீணாக ஏன் பயமுறுத்துவது? அடைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

11.12.1994, ஞாயிறு

மழை ஓய்ந்துவிட்டது என்று இன்று மண் அடைத்தோம். அஞ்சம்மாள் சொல்லச் சொல்ல, முதலில் நொச்சித் தழை, அதன் மேல் களிமண், மறுபடி தழை. தென்கோடியிலிருந்து மூன்றாவது கல்லுக்கு நானே மிதித்தேன். முழங்கால் வரை சேறு. அரிகிருஷ்ணன் மனைவிகூட, “அக்கா நல்லா மிதிக்கறாங்க” என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

செல்லம்மாவும் வந்து தழை சுமந்தாள். பாட்டு வேறு பாடினாள். அப்போது எப்படிச் சொல்வது?

18.12.1994, ஞாயிறு

நேற்றிலிருந்து புயல் மழை. பின்வாசல் முதல் படி மூழ்கிவிட்டது.

19.12.1994

எழுதியே ஆக வேண்டும்.

ஸ்கூல் லீவு. எட்டு மணிக்குக் கலங்கலுக்குப் போனேன். கிளம்பும்போது இரண்டாவது படியும் மூழ்கியிருந்தது. எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கல் உச்சிக்கு இரண்டு விரல்தான் பாக்கி. அஞ்சம்மாள் மண்வெட்டியோடு தயாராக நின்றாள்.

“போதும்மா. புடுங்கி வுட்ரலாம். நாலு கல்லுக்கு எடுத்தா போதும், தன்னால எறங்கும்.”

ஏசுபாதம் என்னைப் பார்த்தார். “உங்க தெருதான் முதல்ல. நீங்க சொல்லுங்கம்மா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அரிகிருஷ்ணனும் பார்த்தான்.

போன வருஷம் கல்லை ஒளித்தவள், இந்த வருஷம் தன் வீட்டுக்காக ஏரியைத் திறந்துவிட்டாள் — இதுதான் என் காதில் கேட்டது. யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. நானாகக் கேட்டுக்கொண்டேன். செல்லம்மா வீட்டுக் கோடு ஞாபகத்தில் இருந்ததா? இருந்தது. இல்லை என்று எழுத முடியாது.

“மத்தியானம் வரைக்கும் பாப்போம்” என்று சொன்னேன். குரல்கூட உறுதியாகத்தான் வந்தது. நாசமாப் போன குரல்.

பதினொன்றரைக்கு அவர் ஓடிவந்தார். லுங்கி இடுப்பு வரை சேறு. “செல்லம்மா வீட்டுப் பின்சுவரு போச்சு!”

ஆளுக்கொரு பக்கம் மண்ணைப் பிடுங்கினோம். கையால்தான் பிடுங்கினேன், நகம் பெயர்ந்தது. தண்ணீர் இறங்க ராத்திரி ஆகும் என்றாள் அஞ்சம்மாள். நான் தெருவுக்கு ஓடினேன். செல்லம்மா ரோட்டில் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடி எதுவும் இல்லை. பால் வாங்க வெளியே வந்த நேரத்தில் விழுந்ததாம். மெஷின் மேல்தான் சுவர் கிடக்கிறது.

ஆள் தப்பித்தாளே, ஆள் தப்பித்தாளே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாருக்குச் சொன்னேன்?

22.12.1994, வியாழன்

மூன்று நாளாக எங்கள் முன்ரூமில் படுத்திருக்கிறாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். பேச்சில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

இன்று காலையில் தானாகவே பேசினாள்.

“அக்கா, அண்ணன் அன்னிக்கு கரியால கோடு போட்டுச்சே. முன்பக்க சொவத்துல அந்தக் கோடு இன்னும் கீது. தண்ணி கரெக்டா அதுலதான் நின்னுச்சு. ஒரு விரல் ஏறல, ஒரு விரல் எறங்கல.”

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். “தெரியும் செல்லம்மா. அக்டோபர்லயே எனக்குத் தெரியும்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் தரையைப் பார்த்தபடி, “சொல்லியிருந்தா மெஷினயாவது தூக்கி மேல வெச்சிருப்பேன்கா” என்றாள்.

மத்தியானம் ஊரப்பாக்கத்திலிருந்து அவள் அண்ணன் வந்தான். டிரங்குப் பெட்டியோடு போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன். அவள் அவரிடம் மட்டும், “வரேண்ணா” என்றாள்.

22.1.1995, ஞாயிறு

கூட்டம். புயலுக்குப் பிறகு நல்ல மழை இல்லை என்றாலும், மறுநாளே அவசரமாக மறுபடி அடைத்ததில் ஏரி பாதிக்குமேல் நிற்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். செல்லம்மா வீட்டைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அக்டோபரில் மட்டம் பார்த்தது, கோடு போட்டது, சொல்லாதது, அன்று காலையில் பிடுங்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பது வரைக்கும். அரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன் என்ன செய்தான்?

ஏசுபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களைக் கேட்டேனே ஒழிய செல்லம்மாவைப் போய்க் கேக்கலயேம்மா நான். தினம் அந்த வாசல் வழியாத்தான் போறேன்” என்றார்.

ஒரு தீர்மானம் அடித்தேன்: கடைசித் தெருவில் ஐந்து வீட்டுச் சுவரிலும் மட்டக்கோடு சிவப்பு பெயின்ட்டில் போட வேண்டும், அது என்ன கோடு என்று அந்தந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டும். அடைக்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். அவர்களில் யார் ஒருவர் பிடுங்கச் சொன்னாலும் பிடுங்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

செயலாளர் இனி அஞ்சம்மாள். டைப் மட்டும் நான் அடித்துக் கொடுப்பேன். “அதுக்கு வேற ஆளு கெடைச்சா ஒன்ன எப்பவோ தூக்கியிருப்போம்” என்றாள் அஞ்சம்மாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்றைக்கு எல்லாரும் கொஞ்சம் சிரித்தோம்.

12.2.1995, ஞாயிறு

அவர் நாலு ஞாயிற்றுக்கிழமையாகச் செல்லம்மாவின் மெஷினைக் கழற்றிப் போட்டுத் துரு எடுத்துக்கொண்டிருந்தார். வளைந்த தண்டை மாற்றி, வீல் வேறு போட்டு, இன்று ஓட்டிக் காட்டினார். ஓடுகிறது. சைக்கிள் கேரியரில் கட்டி ஊரப்பாக்கத்துக்கு எடுத்துப் போனார்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். “டீ போட்டுக் குடுத்தா.”

என்னைப் பற்றிக் கேட்டாளா?

“இல்ல.”

5.3.1995

பல்லாவரத்திலிருந்து அவர் ஒரு துவைக்கிற கல் கொண்டுவந்தார். சாதாரணக் கல். முன்பக்கம், தெருவைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்க்க வாசலிலா துவைப்பேன் என்றேன்.

“பின்னாடி வேணாம். அது ஏரிது” என்றார். பாத்ரூமையும் இடித்து இந்தப் பக்கம் மாற்றப் போகிறாராம்.

சோப்பை எடுத்து வந்து புதுக் கல் மேல் வைத்தேன். எட்டு வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடம் அவருக்கு.

23.4.1995, ஞாயிறு

கிணற்றில் ஐந்து உறைதான் தெரிகிறது. ஏப்ரலில் இவ்வளவு தண்ணீர் இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. தெருவில் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பதினோரு மணி இருக்கும். பக்கத்து மனையில் சத்தம் கேட்டுப் போனேன். செல்லம்மாவும் அவள் அண்ணனும். நிலைக்கதவைப் பெயர்த்து எடுக்க வந்திருந்தார்கள். மனையைக் குப்புராஜுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அந்தக் கோடு போட்ட சுவர் பாதி நிற்கிறது. கோடும் இருக்கிறது.

வா என்று கூப்பிட வாய் வரவில்லை. மதில் பக்கம் நின்றேன். அவள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி நேராக எங்கள் கிணற்றடிக்குப் போனாள். கேட்கவில்லை. முன்பும் கேட்டு மொண்டதில்லை அவள். கயிறு கொஞ்சம்தான் இறங்கியது. அதை அவளும் கவனித்தாள். எட்டி உள்ளே பார்த்தாள்.

வாளியைச் சாய்த்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். மறுபடி ஏந்தி, குடிக்காமல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“நல்லா கீது தண்ணி” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அண்ணனுக்கு எங்கள் சொம்பில் மொண்டுகொண்டு போனாள். கதவை வண்டியில் ஏற்றிக் கட்டி அவர்கள் போகும்போது மணி ஒன்று. சொம்பு மதில் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்து வந்து உள்ளே வைத்தேன்.